11 ஆண்டுகள் கழித்துத் திருவிருந்துக்குப் போகலாமா?

தேரிக்காட்டுப் பெண்:

கேள்வியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2014 முதல் நான் ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தை எடுக்கவில்லை. இப்போது எடுக்க ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எடுக்கலாமா? அதற்கு முன் நான் செய்யவேண்டியது ஏதாவது உண்டா?

எனக்கு 41 வயது. சென்னையில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர். சொந்த ஊர் மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் காலத்து ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேல் தெரிந்தவுடன் பஸ்ஸில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். இறங்கும் இடம் வருகிறது என்று அர்த்தம். தாத்தா உபதேசியார், சபையில் வேதம் போதிப்பவர். ஓய்வுநாள் பள்ளி, வெள்ளைச் சேலை கட்டிப் பேராயர் கையால் திடப்படுத்தல் (சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் சடங்கு) என்று எனக்கு எல்லாம் முறையாகவே நடந்தது.

2014இல் ஏழாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆண் குழந்தை. நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது. நான் செவிலியர், காரணம் எனக்குப் புரிந்தது. ஆனால் பத்தாம் நாள் ஒரு ஜெபக் குழுவிலிருந்து பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒரு சகோதரி என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "கர்த்தர் உன்னோடு இடைப்படுகிறார். எதையோ மறைத்துவைத்திருக்கிறாய், அறிக்கை செய்துவிடு" என்றார். அப்போது எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாக இருந்தது. அந்த வலியோடு உட்கார்ந்து, என்ன பாவம், என்ன பாவம் என்று பள்ளிக்காலம் வரை தேடினேன். சில வாரங்கள் தேடினேன். பிறகு ஒருநாள் தேடுவதை நிறுத்தினேன், ஜெபிப்பதையும் நிறுத்தினேன்.

கணவர் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார். என்னை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. எனக்கு ஞாயிறு டூட்டி வசதியாகப் போயிற்று. மற்றவர்களுடைய ஞாயிறு டூட்டியையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். 2016இல் மகள் பிறந்தாள். அவளுடைய ஞானஸ்நானத்தில் பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுத்துவிடுகிறாயா என்று ஆயர் கேட்டபோது வாயை மட்டும் அசைத்தேன். அந்த வாயால் எப்படி அப்பத்தை வாங்குவது என்பதுதான் என் பயம்.

இப்போது ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். போன ஜனவரியில் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. பத்து நாள் ஊரில் இருந்து சமைத்தேன். முதல் நாள் உலை கொதிக்கிறது, அரிசியை அளந்து முறத்தில் கொட்டினேன். கண்ணில் கட்டோடு உள்ளறையில் படுத்திருந்த அம்மா, "களைவதற்கு முன்னே இரண்டு பிடி எடுத்து டின்னில் போடு, பிள்ளை" என்றாள். கைப்பிடி அரிசி எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று ஒதுக்கிவைத்து ஆலயத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஆனால் ஒரு பிடிதானே கணக்கு? "எதற்கு இரண்டு?" என்றேன். "ஒன்று உனக்கு. நீ எடுத்து வைப்பதில்லையே, அதனால் உன் பங்கையும் நானே போட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றாள். சொல்லிக்காட்டும் குரல் இல்லை. உப்புப் போட்டாயா என்று கேட்பதுபோலத்தான் கேட்டது.

பிஸ்கட் டின் அது, மூடி துருப்பிடித்து ஒரு பக்கம் நெளிந்திருக்கும். அதற்குள் என் கையைவிட்டு அரிசியைப் போட்டபோது என் கை அம்மா கையைவிடப் பெரியதாக இருப்பதைக் கவனித்தேன். அவளுடைய சின்னக் கையால் இத்தனை வருடம் எனக்காகப் போட்டிருக்கிறாள். அன்று இரவு, மிக நீண்ட காலத்துக்குப் பிறகு, "ஆண்டவரே" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்குமேல் எதுவும் வரவில்லை.

அடுத்த மாத முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. 1 கொரிந்தியர் 11ஐ எடுத்துப் படித்தேன். அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு வரும்படி செய்கிறான் என்று இருக்கிறது. தகுதியில்லாமல் உண்டு குடிப்பவன் தன்மேல் தண்டனையை வருவித்துக்கொள்கிறான் என்று அர்த்தம். வேதத்தை மூடி வைத்துவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விடியற்கால ஜெபம்:

சகோதரி, குழந்தை ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் உங்கள் முடிவில் நடந்தவை அல்ல. நீங்கள் இப்போதுதான் உண்மையில் தேவனைத் தேடுகிறீர்கள். மனந்திரும்பி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு தைரியமாகத் திருவிருந்தில் பங்குபெறலாம். எனக்கு அப்படித்தான் விடுதலை கிடைத்தது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆயர்:

மகளே, நான் தென்னிந்தியத் திருச்சபையில் 36 ஆண்டுகள் ஊழியம் செய்தவன். எனக்கு முன் எழுதிய சகோதரரின் அன்பை மதிக்கிறேன், ஆனால் அந்த ஆலோசனையை ஏற்கமாட்டேன். உனக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. அதை ஒருதரம்தான் பெறுகிறோம். நீ வீட்டைவிட்டுப் போனாய் என்பதற்காக உன் பெயர் வீட்டிலிருந்து அழிந்துவிடவில்லை.

நீ பயப்படும் வசனத்துக்கு வருகிறேன். அந்த அதிகாரத்தை 27ஆம் வசனத்தில் தொடங்காமல் 17இலிருந்து வாசி. கொரிந்துவில் என்ன நடந்தது? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு நின்றார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார் பவுல். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அபாத்திரம் என்று அவர் சொல்வது அந்த நடத்தையை. பந்தியில் பக்கத்தில் இருப்பவனை மதிக்காமல் உண்பதுதான் அங்கே குற்றம். வருந்தி, நடுங்கி, தூரத்தில் நிற்கிற ஒரு பெண்ணைத் துரத்த எழுதிய வசனம் இல்லை அது.

28ஆம் வசனத்தையும் பார். தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறார். சோதித்தறிந்துவிட்டு விலகிப் போ என்று எழுதவில்லை. திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் லூக்கா 22ஐயும் சேர்த்துச் சொல்வேன். ஆண்டவர் சீஷர்களோடு உண்ட அந்த முதல் பந்தியில் காட்டிக்கொடுக்கிறவனுடைய கையும் இருந்தது. விடியுமுன் மூன்றுதரம் மறுதலிக்கப்போகிற பேதுருவும் இருந்தார். அவர்களை எழுப்பிவிட்டா ஆண்டவர் அப்பத்தைப் பிட்டார்?

செய்யவேண்டியது என்ன என்று கேட்டாய். நம் ஆராதனை முறையிலேயே அது இருக்கிறது. பாவ அறிக்கையும் மன்னிப்பின் வார்த்தையும் பந்திக்கு முன்பே வருகின்றன. தனியாக ஒரு சடங்கும் வேண்டாம். முடிந்தால் சனிக்கிழமை உங்கள் ஆயரைப் போய்ப் பார். முழுக்கதையும் சொல்லவேண்டாம். "வெகு நாளாக வரவில்லை, நாளை வருகிறேன்" என்று சொல், போதும்.

இன்னொன்று. உன் தலையில் கைவைத்து அந்த வார்த்தையைச் சொன்னவர் தவறு செய்தார். அது ஆண்டவருடைய வார்த்தை அல்ல. பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு. யோவான் 9:3. உன் வேதத்தில் அதைக் கோடிட்டு வை. நானும் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு பெட்டிகளைக் கல்லறையில் இறக்கியிருக்கிறேன். ஊழியத்தின் ஆரம்பத்தில் அந்தக் குழியருகே நின்று அதிகம் பேசினேன். பிற்பாடு சங்கீதம் வாசித்துவிட்டு, தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தீர்களா?

மணப்பாட்டுக்காரன்:

தங்கச்சி, நான் கத்தோலிக்கன். எங்கள் முறை வேறு, நாங்கள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் நன்மை, அதாவது அந்த அப்பம், வாங்குவோம். ஆனால் பயம் ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

19 வருடம் சரக்குக் கப்பலில் வேலை. பூசை, செபமாலை எல்லாம் விட்டுப்போயிற்று. உங்களைப்போல் காயப்பட்டு விட்டவன் இல்லை நான். சும்மா, கயிறு நழுவுகிற மாதிரி நழுவிவிட்டேன். திரும்பி வந்த வருடம் செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருவிழாவுக்கு ஊரே குன்றின்மேல் கோயிலில் நிற்கிறது. நான் கீழே மணலில் நின்றேன். மறுநாள்தான் துணிந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனேன். எத்தனை வருடம் ஆயிற்று என்று சாமியார் கேட்டார். பத்தொன்பது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "வந்துவிட்டாயே" என்றார். ஒரு பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு ஒன்றா என்று கேட்டேவிட்டேன். "நிதானமாகச் சொல்" என்றார். பாதியில் வார்த்தை மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவதில் குளிர்காய்ந்துகொண்டே இராயப்பர் (நீங்கள் பேதுரு என்பீர்கள்) தான் அவருடைய சீடன் இல்லை என்கிறார். இரண்டாவது கடைசி அதிகாரத்தில், கடற்கரையில். அங்கே நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருப்பவர் ஆண்டவர். கடற்கரையில் பிறந்தவனுக்குத் தெரியும், கரியில் மீன் சுடுகிற வாசனை எத்தனை நாள் ஆனாலும் மறக்காது. அந்த வாசனை அடித்ததும் இராயப்பருக்கு அந்த இராத்திரி ஞாபகம் வந்திருக்கும். ஆண்டவர் அதைப்பற்றி எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. முதலில் வந்து சாப்பிடுங்கள் என்றார். சாப்பிட்ட பிறகுதான் அன்பு செய்கிறாயா என்று கேட்டார். அந்த வரிசையை யோசித்துப் பாருங்கள்.

மங்கியெரிகிற திரி:

ஆயர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் அக்கா, முதல் வாரமே அப்பம் வாங்கியாகவேண்டும் என்று உங்களை நெருக்காதீர்கள். நானும் திரும்பி வந்தவள்தான். இரண்டு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டில்கூடச் சேராமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். மற்ற அழுகைச் சங்கீதங்களில் பெரும்பாலும் அழுகை முடிந்து கடைசியில் துதி வந்துவிடும். அதில் வராது, இருட்டிலேயே முடியும். கோபத்தோடு ஜெபிக்கலாம் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. உங்களுக்கு இன்னும் கோபம் இருக்கிறதா? இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

தேரிக்காட்டுப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. தங்கை கேட்டதற்குப் பதில்: இருக்கிறது. அந்தச் சகோதரிமேல் இருந்தது இப்போது அவ்வளவாக இல்லை. ஆண்டவர்மேல் இருக்கிறது. ஏன் என்று இன்னும் கேட்கிறேன், பதில் வரவில்லை. 88ஐ நேற்று இரவு டூட்டி முடிந்து, உடைமாற்றும் அறையில் நின்றபடியே வாசித்தேன். இப்படி ஒரு சங்கீதம் வேதத்தில் இருப்பது உபதேசியார் பேத்திக்குத் தெரியாமல் போயிற்றே.

ஆயர் ஐயா, பெயர் வைத்தோம். வீட்டுக்குள் நானும் கணவரும் மட்டும் சொல்வோம். அதை இங்கே எழுத மனம் வரவில்லை, மன்னியுங்கள். ஆனால் 11 வருடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்.

தேரிக்காட்டுப் பெண் (மூன்று வாரம் கழித்து):

போனேன். சனிக்கிழமை ஆயரைப் பார்க்கத் துணிவு வரவில்லை. ஞாயிறு காலை டூட்டியை மாற்றிக்கொடுக்கும்படி நான் கேட்டதும் உடன் வேலை செய்யும் பெண் ஆச்சரியப்பட்டாள்.

தப்பிப்போன ஆடுகளைப்போல என்று அறிக்கை தொடங்கியதும் புத்தகத்தைப் பார்க்காமலே வார்த்தைகள் வந்தன. அவற்றை நான் மனதாரச் சொன்னேனா, பழக்கத்தில் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. சமாதானம் கொடுக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் கூப்பிய கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து மூடினார். டயாலிசிஸ் பிரிவில் நாள் முழுவதும் நான்தான் மற்றவர் கையைப் பிடிப்பேன், ஊசி போட நரம்பு தேடி. என் கையை இன்னொருவர் பிடித்தது ஏதோபோல் இருந்தது. வெளியே எழுந்து போய்விட நினைத்திருந்தேன், போகவில்லை.

பீடத்தின் முன்னாலுள்ள கிராதியில் முழங்காலிட்டு உள்ளங்கையை நீட்டினேன். கை நடுங்கிற்று. ஆயர் அப்பத்தை வைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். அவ்வளவுதான். வெளிச்சமோ சத்தமோ எதுவும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, பிள்ளையின் பெயரை ஒருதரம் மனதுக்குள் சொன்னேன். அழுகை அப்போதுதான் வந்தது. மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்தாள்.

மாலையில் அம்மாவுக்கு ஃபோன் செய்து, இனி என் பங்கை நானே எடுத்து வைக்கிறேன் என்றேன். "நீ எடுத்து வை. நானும் வைக்கிறேன். கை பழகிவிட்டது" என்றாள். இங்கே எங்கள் சபையில் கைப்பிடி அரிசி வாங்கும் வழக்கம் இல்லை. ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாம் என்று ஒரு டப்பாவில் சேர்க்கிறேன். வண்டு விழாமலிருக்க நாலு காய்ந்த மிளகாய் போட்டிருக்கிறேன்.