ஜெர்மன் குழந்தைகள் டிவியில் வரும் பொம்மை பெர்ண்ட் ரொட்டியை முதலில் எங்கே பார்த்தீர்கள்?

தூக்கமில்லா அம்மா
2008. பையனுக்கு எட்டு மாதம், பல் முளைக்கிற நேரம், இரவு மூன்று மணி. பொம்மை ஏதாவது ஓடுமே என்று கிகா என்ற குழந்தைகள் சேனலைப் போட்டேன். ஒன்பது மணிக்கே கடையைச் சாத்திவிட்டு, காலை ஆறு வரை இந்த ஆளை மட்டும் ஓட விடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்! வெள்ளை வெளேரென்று ஒரு இடம். நடுவில் ரொட்டி, உடம்பிலேயே ஒட்டிய குட்டைக் கை. "மிஸ்ட்" என்றது. அகராதியில் சாணி, பேச்சில் நம்ம "சே!". பையன் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தான். நாலரை வரை நானும் பார்த்தேன். அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தது உறைக்கவே இல்லை. அந்த வருடம் என் நிலைமை புரிந்த ஒரே ஜீவன் அதுதான்.

எர்ஃபுர்ட் பழைய மாணவன்
எர்ஃபுர்ட் நகரத்து ஃபிஷ்மார்க்ட் சதுக்கத்தில் ட்ராம் பிடிக்கப் போகும்போது தினமும் பெர்ண்ட் சிலையைப் பார்ப்பேன். 2009 ஜனவரியில் ஒருநாள் காணோம், திருடிவிட்டார்கள். வெறும் இடத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்ற பாட்டி, "வீட்டை விட்டே நகர விரும்பாதவனைப் போய்த் தூக்கியிருக்கிறார்களே" என்றார். சொந்தக்காரப் பையனைப் பற்றிப் பேசுவது போல. அடுத்த மாதம் நோரா என்ற ஊரில், ஆளில்லாத படைமுகாமில் கிடைத்தது. எனக்கு அந்தப் பாட்டி முகம்தான் மறக்கவில்லை.

சரியாகச் சொல்பவன்
வெறும் ரொட்டி இல்லை, காஸ்டன்வைஸ்ப்ரோட். அச்சில் சுடும் வெள்ளை ரொட்டி. நான் ஒரே ஒருமுறை பார்த்தேன், அதில் வரும் செம்மறியாடு சில்லி ஏதோ வெடிக்க வைத்தது, அணைத்துவிட்டேன். அம்மா அவர்களுக்கு: எட்டு மாதக் குழந்தைக்கு இரவில் டிவி கூடாது. ஈறை விரலால் மெல்லத் தேய்த்து விடுங்கள், பல்வளையத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுங்கள், அறை விளக்கை மங்கலாக வையுங்கள். அதோடு எந்நேரமும் சலித்துக்கொள்ளும் பொம்மை பிள்ளை மனதுக்கு நல்லதா? யோசியுங்கள்.

டோர்ட்முண்ட் அப்பா
தம்பி, சிடுசிடுக்கவும் ஒருவருக்கு உரிமை இருக்கு என்று காட்டினதுக்குத்தான் 2004இல் அந்த ரொட்டிக்கு கிரிம்மெ என்ற ஜெர்மன் டிவிப் பரிசே கொடுத்தவை. என்ர மகளிட்ட வகுப்பில் விடுமுறைக்கு என்ன செய்யப் போறாய் என்று கேட்டிருக்கினம். "சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பன், பிறகு 'பாலைவனமும் நீயும்' வாசிப்பன்" என்றாளாம். பெர்ண்டின்ர பொழுதுபோக்கும் பெர்ண்டின்ர பத்திரிகையும்! ஆசிரியை கவலைப்பட்டு எங்களைக் கூப்பிட்டவ. நான் விளங்கப்படுத்த, பக்கத்தில் இருந்த மற்ற ஆசிரியர் சிரிப்பை அடக்கேலாமல் வெளியே போனார்.

தூக்கமில்லா அம்மா
சரியாகச் சொல்பவன் அண்ணா, நன்றி. பல் எல்லாம் முளைத்துவிட்டது, இப்போது மீசையும் முளைத்திருக்கிறது. நேற்று இரவு மூன்று மணிக்கு அவன் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினேன். "மிஸ்ட்" என்றான்.