கடலோர அரசு மேல்நிலைப் பள்ளி: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

நெய்தல்மகள்
பள்ளியின் பெயரும் ஊரும் வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புறநகர், அவ்வளவுதான். தம்பிக்கு ஒன்பதாவது முடிந்த சமயம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, அப்பா கரையில்தான் இருப்பார் என்று தெரிந்தே பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். "இவன் பத்தாவதில் தேற மாட்டான், டிசி வாங்கிக்கொண்டு டுடோரியலில் போடுங்கள்." எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைக்க முடியாது, ஒன்பதாவதில்தான் வடிகட்டுவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. தாளை நான் எட்டிப் பார்த்தேன். 'எனது சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். பேனாவைப் பிடித்தபடி அப்பா என் பக்கம் திரும்பி, "சரிதானம்மா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரல் வந்து இடத்தைக் காட்டியது. போட்டுவிட்டார். மறு வருடம் வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஃப்ளெக்ஸ்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்
படிக்கவே கஷ்டமாக இருக்கிறதம்மா. ஆனால் எல்லா அரசுப் பள்ளியும் இப்படி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாவட்டக் கூட்டத்தில் பள்ளிவாரியாகத் தேர்ச்சி சதவீதத்தைத் திரையில் போடுவார்கள். தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்த அழுத்தம் கடைசியில் இறங்குவது பிள்ளை மேல்தான். நான் அதை நியாயப்படுத்தவில்லை, எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் இரண்டாம் பீரியடுக்குத்தான் வருவான். ஒருநாள் பக்கத்தில் போய்க் காரணம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். கன்னத்தில் ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. விடியுமுன் சித்தப்பாவோடு ஃபைபர் படகில் போய், வலையிலிருந்து மீன் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவன். சீருடை மட்டும் அவ்வளவு சுத்தம். காலை வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே என்ன போடுவது என்று எனக்கு எந்தச் சுற்றறிக்கையும் சொல்லித் தரவில்லை.

சைட் இன்ஜினியர்
டீச்சர், அழுத்தம் மேலிருந்து வந்தாலும் அந்தத் தாளில் வாசகத்தை எழுதிய கை பள்ளிக்கூடத்துக் கைதானே? இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் அனுபவம் சின்னது. மகளின் வகுப்பறையில் மதிய உணவு நேரத்தில் கூரைப் பூச்சு பெயர்ந்து முதல் பெஞ்சில் விழுந்தது. பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். பெஞ்சில் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸ் நசுங்கிக் கிடந்தது.

கடலோரத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன் எல்லோரும் கூரையை அண்ணாந்து பாருங்கள். உப்புக்காற்றில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கம்பி ஓடும் திசையிலேயே நேராக விரிசல் போகிறதா, அதில் பழுப்பு நிறம் கசிகிறதா, தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வெள்ளையடித்து மறைக்க விடாதீர்கள். மேலே சிமென்ட் பூசினால் போதாது. பெயர்ந்ததை முழுக்கக் கொத்தி, துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்த பிறகே மூட வேண்டும். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். நாம் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தார்கள், தலைவராக இருப்பது பெற்றோர்தான். கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள், வாய்ச்சொல்லாக விடாதீர்கள். அங்கேயே இன்னொன்றும் கேளுங்கள்: போன வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர், இந்த வருடம் பத்தாவதில் எத்தனை பேர்? தேர்ச்சி சதவீதத்தைவிட அந்த வித்தியாசம் அதிகம் சொல்லும்.

தரங்கை
கட்டிடம் என்றதும் எழுதத் தோன்றியது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, அரையாண்டு விடுமுறை. அலை வந்துபோன பிறகு எங்கள் பள்ளிதான் முகாம். வகுப்பறைக்கு இத்தனை குடும்பம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் தார் அட்டைக் கொட்டகைக்குப் போனார்கள், பள்ளி திறந்தது. நான் அப்போது ஏழாவது. என்னோடு படித்த ஒருத்தி எங்கள் வகுப்புக்கு வரவே இல்லை. பத்தாம் வகுப்பு அறையில், ஜன்னலோரத் தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் வீட்டார் படுத்திருந்த இடம் அது. பெரிய வகுப்பு அண்ணன்கள் யாரும் அவளை எழுப்பவில்லை. சாரும் பாடத்தை நடத்திக்கொண்டே இருந்தார். எத்தனை நாள் அப்படி உட்கார்ந்தாள் என்று நினைவில்லை.

ஆறாம் வகுப்பு அம்மா
தனியார் பள்ளியிலிருந்து மகளை எடுத்து இந்த ஜூனில் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். சேர்ப்பதற்கு முதல் நாள், மீன் வாங்கும்போது பக்கத்து வீட்டு அக்கா சத்தமாகவே கேட்டார்: "அங்கே குப்பத்துப் பிள்ளைகள்தானே படிக்கும்?" மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் மகளும் அதே பள்ளிதான். அவர் நிமிரவில்லை. கத்தி மட்டும் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. நெய்தல்மகள், உங்கள் தம்பியை அனுப்பியவர்களும் மனதுக்குள் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சேர்க்க யோசிக்கிறவர்களுக்கு: ஒன்பதாவதில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரையான படிப்பைத்தான் பார்ப்பார்கள். பஸ் பாஸ் கைக்கு வரும்வரை கவலை வேண்டாம், சீருடையில் போனால் அரசுப் பேருந்தில் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.