புதுப்பிப்பு: ஜூனியர்களுக்கு கோட் ரிவ்யூ பழக்குவது

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மற்றவர் எழுதிய எந்தக் கோடைச் சரிபார்க்கக் கொடுத்தாலும் 'எல்ஜிடிஎம்' (லுக்ஸ் குட் டு மீ, அதாவது 'எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது') என்று போட்டு அனுப்பிவிடுகிறார்கள், எப்படிப் பழக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டுமென்றே பிழை வைத்துக் கொடுங்கள் என்றீர்கள். சரி, செய்து பார்த்தாயிற்று.

ஒரு சின்ன புல் ரிக்வெஸ்ட் (கோடில் செய்த மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை). பயனர் தேடும் பெயரை அப்படியே எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வரிக்குள் ஒட்டியிருந்தேன்; பெயருக்குப் பதில் யாராவது கட்டளையைத் தட்டினால் அதுவும் ஓடிவிடும், இதைத்தான் இன்ஜெக்‌ஷன் என்பது. கூடவே கடைசிப் பக்கத்தை விட்டுவிடும் ஒரு லூப். வந்த கமெண்ட்டெல்லாம் வேரியபிள் பெயர், இடைவெளி, ஒரு ஸ்பெல்லிங். இன்ஜெக்‌ஷனை ஒருவர்கூடத் தொடவில்லை! கண்ணில் படுவதைத்தானே யாரும் முதலில் பிடிப்பார்கள். அதனால் இடைவெளி சமாச்சாரத்தையெல்லாம் லின்டரிடம் (கோடின் நடையைத் தானாகச் சோதிக்கும் கருவி) தள்ளிவிட்டோம். முதலில் டெஸ்டைப் (கோடு சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க எழுதும் கோடு) படி, அப்புறம் கோடு என்று வரிசையையும் மாற்றினேன். டெஸ்டில் இல்லாத உள்ளீடு எது என்ற கேள்வி தானாக வருகிறது.

ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் எழுதிய முறைப்படி, கூடி உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்பதையும் ஒருவர் சொல்லியிருந்தார். பழக்குவதற்கு அருமை, தினசரி வேலைக்குக் கட்டுப்படியாகாது.

சீனியர் கோடில் குறை சொல்லத்தான் தயக்கம். "இது தப்பு" என்பதை விட்டு, "பெயரில் ஒற்றை மேற்கோள் வந்தால் என்ன ஆகும் அண்ணா?" என்று கேட்கச் சொன்னேன். சில்லறை விஷயமென்றால், கூகுளின் கோட் ரிவ்யூ வழிகாட்டியில் உள்ளதுபோல கமெண்ட்டுக்கு முன்னால் 'நிட்' (சின்னக் குறை) என்று போடுகிறார்கள். அதே வழிகாட்டி ஒரு வேலை நாளுக்குள் பதில் சொல்லச் சொல்கிறது. அது இங்கே இன்னும் நடக்கவில்லை, இழுத்தடிப்பது சீனியர்கள்தான்.