அவசரம்: இன்ஜினுக்குள் பூனை, எடுக்க முடியவில்லை

வாசல்மரம், காலை 7:10
வண்டியை ஸ்டார்ட் செய்ததும் 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே ஓர் அலறல். உடனே அணைத்துவிட்டேன். உள்ளே பூனை முனகுகிறது. எப்படி எடுப்பது? சீக்கிரம் சொல்லுங்கள், கை நடுங்குகிறது.

மாடிப்பூனை, 7:13
பானெட்டைத் திறந்தீர்களா? பூனை தெரிகிறதா? ரத்தம் இருக்கிறதா?

பெல்ட்புலி, 7:14
என்ன வண்டி என்றே சொல்லவில்லையே. காரா, வேனா? கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்? இன்ஜின் சூடாக இருந்தால் கையை விடாதீர்கள்.

நெடுஞ்சாலை, 7:15
பயந்து ஒடுங்கியிருக்கும். ஹாரனை விடாமல் அடியுங்கள், தானாக இறங்கிவிடும். எனக்கு இரண்டு முறை அப்படித்தான் நடந்தது.

மாடிப்பூனை, 7:16
ஐயோ, வேண்டாம். அடிபட்ட பூனை மிரண்டு இன்னும் உள்ளே போகும். ஹாரன் எல்லாம் ஸ்டார்ட் செய்வதற்கு முன்புதான்.

பழையகைகள், 7:18
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. சரி, கேளுங்கள். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். பேட்டரியில் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். சில வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் சூட்டுக்கு ரேடியேட்டர் ஃபேன் சுழலும். பூனை பெல்ட்டில் சிக்கியிருந்தால் சாவியைத் திருப்பி விடுவிக்கப் பார்க்காதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்துங்கள். வழியே இல்லையென்றால் பெல்ட்டை அறுத்துவிடுங்கள்.

வாசல்மரம், 7:24
கார்தான், பெட்ரோல். நேற்று இரவு 11 மணிக்கு நிறுத்தியது, சூடு இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டேன். சாம்பல் நிறப் பூனை. சிக்கவில்லை, பெல்ட்டுக்குக் கீழே கிடக்கிறது. பின்னங்காலில் தோல் உரிந்து சதை தெரிகிறது. பெல்ட் முழுக்க முடி.

மாடிப்பூனை, 7:26
தடித்த துண்டால் தலையோடு போர்த்துங்கள். வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையே கடிக்கும். பிடரியைப் பிடித்துத் தூக்காமல், ஒரு கையை மார்புக்கும் இன்னொரு கையை இடுப்புக்கும் அடியில் கொடுத்து அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் மூடினால் போதும். வலி மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும். ஈறு வெளுத்திருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். கால் காயத்தைவிட நெஞ்சுக்குள் பட்ட அடிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெல்ட்புலி, 7:28
தரையில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், சொட்டியிருக்கிறதா? பூனையின் உடம்பில் பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள், நக்க விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் ஒரு தேக்கரண்டி போனாலே பூனை பிழைப்பது கஷ்டம்.

நெடுஞ்சாலை, 7:33
இனி வராமல் இருக்க இன்ஜின் பக்கத்தில் அந்துருண்டை போட்டு வையுங்கள்.

மாடிப்பூனை, 7:34
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் பூனைக்கு விஷம்.

நெடுஞ்சாலை, 7:36
வருடக்கணக்கில் வைக்கிறேன். ஒரு பூனையும் சாகவில்லை.

மாடிப்பூனை, 7:37
வேறு எங்காவது போய்ச் செத்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெல்ட்புலி, 7:39
வாசனையை நம்புவதைவிட பானெட்டைத் தட்டுவது மேல். ஜப்பானில் நிசான் நிறுவனம் 2015-இல் 'நெக்கோ பன் பன்' என்று இதையே ஓர் இயக்கமாக நடத்தியது. நெக்கோ என்றால் பூனை, பன் பன் என்பது தட்டும் ஓசை.

பழையகைகள், 7:41
தட்டிய கையோடு சாவியைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். அரை நிமிடம் நின்று காது கொடுக்க வேண்டும். அப்புறம், குட்டிகள் தட்டினால் ஓடாது, ஒடுங்கிக்கொள்ளும். திறந்து பாருங்கள். அதற்கு மாற்று கிடையாது.

தாழ்வாரம், 7:44
குட்டி என்றதும்தான் தோன்றுகிறது. அது பெண் பூனையா? முலைக்காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து ஈரமாக இருக்கிறதா? பால் கொடுக்கும் தாய் என்றால் குட்டிகளும் உள்ளே இருக்கலாம். பார்க்காமல் அந்தக் காரை எடுக்காதீர்கள்.

மாடிப்பூனை, 8:20
வாசல்மரம், என்ன ஆயிற்று? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வாசல்மரம், 9:05
பக்கத்து வீட்டு வண்டியில் மருத்துவரிடம் கொண்டுபோனோம். தொடை எலும்பு முறிவு, பிழைத்துவிடும் என்கிறார். பெண்தான். தாழ்வாரம் எழுதியதைப் பார்த்து வீட்டில் டார்ச் அடித்துத் தேடச் சொன்னேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் இரண்டு குட்டிகள், இன்னும் கண் திறக்கவில்லை. எடுத்து வருகிறார்கள்.

மாடிப்பூனை, 9:07
குளிர விடாதீர்கள். அந்த வயதில் உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள முடியாது. பசும்பால் கொடுக்க வேண்டாம், மருத்துவர் சொல்வதை மட்டும் கொடுங்கள். அப்புறம், இன்னொரு முறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஒன்று இருக்கலாம்.