இரண்டு முறை அடைத்தோம், இரண்டு முறையும் திரும்பி வந்த கடன்

இரு பிள்ளைகளின் அம்மா:

எங்கள் வீட்டில் இப்போது மிச்சம் இருப்பது வீட்டுக் கடன் மட்டும்தான். கிரெடிட் கார்டு இரண்டு, தனிநபர் கடன் ஒன்று, உறவினரிடம் வாங்கிய கைமாற்று ஒன்று. இந்த நான்கும் போன மாதத்தோடு தீர்ந்தன. மொத்தம் நாலரை வருடம் பிடித்தது. ஆரம்பிக்கும்போது பெரியவளுக்கு மூன்று வயது, சின்னவன் வயிற்றில் இருந்தான்.

எப்படி அடைத்தோம் என்பதைவிட, அதற்கு முன்னால் இரண்டு முறை ஏன் தோற்றோம் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். அதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

முதல் முறை வெறிபிடித்த மாதிரி அடைத்தோம். சம்பளம் வந்த அன்றே வீட்டுத் தவணைக்கும் மாதச் செலவுக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதி மொத்தத்தையும் கார்டில் கட்டிவிடுவோம். கையில் ஒன்றும் வைக்கவில்லை. வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பணத்தைச் சும்மா வைத்திருப்பது தப்பு என்று நினைத்தோம். கணக்குப்படி பார்த்தால் அது சரிதான். கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி ஏறி வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். எந்தச் சேமிப்புக் கணக்கும் அதன் பக்கத்தில் வராது.

ஏழு மாதத்தில் ஒரு கார்டு முழுதாகத் தீர்ந்தது. அதற்கு அடுத்த வாரம், பிறந்து நாலே மாதமான சின்னவனுக்கு மூச்சிரைப்பு. மூன்று நாள் ஆஸ்பத்திரி. கையில் காசு இல்லை, அதே கார்டைத்தான் நீட்டினோம். டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று இரவு, பிள்ளை நன்றாக மூச்சு விட்டுத் தூங்குகிறான், நானும் அவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஏழு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் பாதிக்கு மேல் மூன்று நாளில் போயிருந்தது.

இரண்டாம் முறையும் அதே கதைதான். அப்போது பள்ளி திறக்கும் மாதமும் துணி துவைக்கும் மெஷின் பழுதும் ஒன்றாக வந்தன. விவரம் வேண்டாம்.

மூன்றாம் முறை அவர் ஒரு வேலை செய்தார். முந்தின பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கையும் கார்டு பில்லையும் எடுத்து, நாங்கள் "எதிர்பாராத செலவு" என்று சொல்லிவந்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதினார். ஷூ மூன்று ஜோடி. காய்ச்சல் நான்கு முறை. தடுப்பூசி. பள்ளிப் புத்தகம், சீருடை. சின்னவன் உடைத்த என் மூக்குக் கண்ணாடி. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பயணம். எழுதி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பிள்ளை வளரும்னு நமக்குத் தெரியாதா? காய்ச்சல் வரும்னு தெரியாதா?"

மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்தோம். மாதா மாதம் அந்தத் தொகை தனிக் கணக்குக்குப் போனது. அது ஓரளவு சேரும்வரை மூன்று மாதம் கார்டுக்கு பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டினோம். வட்டி ஓடுவது தெரிந்தே கட்டினோம், வயிறு எரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு இன்றுவரை கார்டில் ஒரு முறைகூடப் பாக்கி ஏறவில்லை. சின்னவனுக்கு மறுபடி மூச்சிரைப்பு வந்தபோது கூட.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெறியோடு அடைத்த அந்த முதல் வருடம், ஒரு நாள் பெரியவளைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், இரண்டு கால் கட்டைவிரலிலும் நகத்தோரம் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஷூவை எடுத்து என் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். அவள் விரல் மடங்கி மடங்கி உள்ளே ஒரு பள்ளமே விழுந்திருந்தது. "ஏன்டி சொல்லலை?" என்றேன். "காசு இல்லைன்னு அப்பா சொன்னாங்கல்ல" என்றாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. அந்தத் தாளில் ஷூ முதல் வரியில் இருந்ததற்கு அதுதான் காரணம்.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். குறிப்பாகத் தோற்ற கதையை.

இரவுப்பணி அப்பா:

அக்கா, ஷூ விஷயம் படிச்சிட்டு எழுந்து போய் என் பையன் செருப்பைப் பார்த்துட்டு வந்துதான் இதை எழுதறேன்.

என் கதை வேற மாதிரி. நான் கடனை வீட்டுக்காரம்மாகிட்ட மறைச்சேன். குழந்தை பிறந்து அவங்க சம்பளமில்லாத லீவுல இருந்தாங்க. ஒரு சம்பளத்துல ஓடல. அவங்க கவலைப்படக் கூடாதுன்னு போன்ல ஒரு லோன் ஆப்ல வாங்கினேன். நூறு கேட்டா எண்பதுதான் கைக்கு வரும், மீதி "கட்டணம்"னு முன்னாடியே பிடிச்சுடுவாங்க. ஆனா திருப்பிக் கட்ட வேண்டியது நூறும் அதுக்கு மேல வட்டியும். அதுவும் வாரக் கணக்குல. அதை அடைக்க இன்னொரு ஆப், அதை அடைக்க இன்னொண்ணு. அஞ்சு மாசத்துல ஆறு இடத்துல கடன்.

இன்ஸ்டால் பண்ணும்போது போன்ல இருக்கற நம்பரையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டுச்சு, யோசிக்காம ஓகே குடுத்துட்டேன். ஒரு தவணை தவறினதும் என் மாமனாருக்கு, மேனேஜருக்கு, பையனோட டாக்டருக்குக்கூட போன் பண்ணிட்டாங்க. வீட்டுக்காரம்மாவுக்கு விஷயம் அப்படித்தான் தெரிஞ்சுது, அவங்க அப்பா வாயால.

அவங்க கடனுக்காகக் கோபப்படல. "நான் ராத்திரி முழுக்கப் பிள்ளையை வெச்சுக்கிட்டு முழிச்சிருந்தேன், நீங்க பக்கத்துலயே இதை வெச்சுக்கிட்டு முழிச்சிருந்திருக்கீங்க. ரெண்டு பேரும் பேசியிருக்கலாமே"ன்னு சொன்னாங்க. அதை இப்பவும் மறக்க முடியல.

அடுத்த நாளே ஆறையும் எழுதி வெச்சோம். அவங்க அண்ணன் வட்டியில்லாம ஒரு தொகை குடுத்தார், நாலு ஆப் ஒரே நாள்ல முடிஞ்சுது. மீதி ரெண்டுக்கு ஒவ்வொரு வாரமும் சேர்ந்து உட்கார்ந்து கட்டினோம். நான் நைட் ஷிப்ட் அலவன்ஸுக்காக மாறினது அப்பதான். மிரட்டல் போன் வந்தா சைபர் குற்றப் பிரிவுல புகார் குடுக்கலாம். அதுவே எனக்கு அப்பத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட், கால் பதிவு எதையும் அழிக்காதீங்க.

முன்னாள் கடன் பிரிவு ஊழியர்:

இருபது வருடத்துக்கு மேல் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். சகோதரி "குறைந்தபட்சம் மட்டும் கட்டினோம், வயிறு எரிந்தது" என்று எழுதியிருந்தார். எரிவதற்குக் காரணம் இருக்கிறது. மாதம் 3 சதவீத வட்டி, குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல் குறைந்தபட்சம் மட்டும் கட்டிவந்தால், பாக்கி பாதியாகக் குறையவே 32 மாதம் ஆகும். பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் பெரும்பாலும் கிடைக்காது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். அந்த மூன்று மாதம் அவர்கள் செய்தது சரி. ஏனென்றால் அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது.

மக்கள் அதிகம் ஏமாறும் இடம் இன்னொன்று. "12 சதவீதம்தான்" என்று சொல்லிக் கொடுக்கும் கடன் எந்த 12 என்று கேளுங்கள். முதலில் வாங்கிய மொத்தத்தின் மேல் கடைசிவரை ஒரே மாதிரி வட்டி போட்டால், மூன்று வருடக் கடனில் அது குறையும் பாக்கி முறையில், அதாவது மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில், ஏறக்குறைய 21 சதவீதத்துக்குச் சமம். பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். என் எதிரில் உட்கார்ந்த இளம் தம்பதிகளில் கேட்டவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் மடியில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும், சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தால் போதும் என்று இருப்பார்கள். குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு இன்னொரு நாள் வாருங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இதை அப்போது நான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வீட்டுக் கடன் மிச்சம் இருப்பவர்களுக்கு: 20 வருடக் கடன், வட்டி 9 சதவீதம் என்றால், முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போகிறது. பத்து வருடம் கட்டிய பிறகும் அசலில் 71 சதவீதம் பாக்கி நிற்கும். வருடத்துக்கு ஒரு தவணை அளவு கூடுதலாக அசலில் கட்டிவந்தால் மூன்றரை வருடம் முன்னதாகவே முடியும். கட்டும்போது "அசலில் வரவு வையுங்கள், தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கடன் முடிந்தாலும், பாக்கி எதுவும் இல்லை என்று எழுதித் தரும் நிலுவையில்லாச் சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள்.

இரட்டையர் அம்மா:

நான் தனியாக வளர்க்கிறேன். கணவர் பிரிந்து போனபோது, அவர் கையெழுத்துப் போட்ட கடன் மட்டும் என் பேரில் நின்றது. இணைக் கடனாளியாக நானும் கையெழுத்திட்டிருந்தேன். பிரிந்துவிட்டோம் என்பதற்காகக் கடன் பிரியாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அண்ணா சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. எந்தப் புத்திமதியைக் கேட்டாலும் "வட்டி அதிகமானதை முதலில் அடை" என்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வட்டி அதிகமான கடன்தான் எனக்குப் பெரிய கடனும். பத்து மாதம் கட்டியும் நான்கு கடன் நான்காகவே இருந்தது. மாதம் நான்கு தேதி, நான்கு குறுஞ்செய்தி, ஒன்றைத் தவறவிட்டால் அபராதம். இரண்டு குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்த மாதம் இரண்டு தேதிகளைத் தவறவிட்டேன்.

பிறகு மாற்றினேன். மிகச் சின்னதை முதலில் முடித்தேன், பிறகு அடுத்தது. வட்டியில் கொஞ்சம் நட்டம்தான், தெரியும். ஆனால் நான்கு தேதி இரண்டு தேதியானபோது எனக்குத் தூக்கம் வந்தது. தூங்கியதால் வேலையில் தப்பு குறைந்தது, பிள்ளைகளிடம் கத்துவதும் குறைந்தது. அந்த நட்டத்துக்கு நான் வருத்தப்படவில்லை.

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்பதில்தான் இன்னும் தடுமாறுகிறேன். இப்போது ஆறு வயது. "காசு இல்லை" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "இந்த மாதம் அதற்கு எடுத்துவைக்கவில்லை, அடுத்த மாதம் எடுத்துவைப்போம்" என்று சொல்லிப் பழகிவருகிறேன். சொன்னால் அடுத்த மாதம் மறக்காமல் செய்ய வேண்டும், அவர்கள் மறப்பதே இல்லை. அந்த ஷூ கதையைப் படித்தபோது, "இல்லை" என்ற அந்த ஒரு சொல்லைக் குழந்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது என்று நினைத்து அழுதுவிட்டேன்.

முன்னாள் கடன் பிரிவு ஊழியர்:

தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன். தேதி தவறி அபராதமும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் கடன் மதிப்பெண்ணில் அடியும் விழும் நிலையில் இருப்பவருக்கு நீங்கள் செய்ததுதான் சரி. ஆனால் லோன் ஆப் மாதிரி வாரத்துக்கு வாரம் ஏறும் கடன் இருந்தால் அது எவ்வளவு பெரியதானாலும் முதலில் அதைத்தான் முடிக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புது அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் பிறந்து ஐந்து வாரம். கார்டு பாக்கி என் மூன்று மாதச் சம்பளம் அளவு இருக்கிறது. ஒரு வங்கி இதைத் தனிநபர் கடனாக மாற்றித் தருகிறேன், வட்டி பாதிதான் என்கிறது. மாற்றலாமா? அக்கா சொன்ன அந்தத் தனிக் கணக்கில் எவ்வளவு சேர்ந்தால் போதும்?

இரவுப்பணி அப்பா:

வாழ்த்துகள் தம்பி! மாத்தலாம், ஆனா மாத்தின அன்னிக்கே கார்டு லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் குடுத்துடுங்க. என் நண்பன் மாத்தினான், கார்டு காலியாச்சு, ஒரு வருஷத்துல கார்டும் நிரம்பி லோனும் நின்னுச்சு. முதல்ல உங்க வீட்டுக்காரம்மாவுக்கு மொத்தத் தொகையும் தெரியுமான்னு பாருங்க.

இரு பிள்ளைகளின் அம்மா:

தம்பி, மகளுக்கு என் அன்பு. மாற்றுவதற்கு முன், கடன் கொடுப்பதற்காக வங்கி பிடிக்கும் செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, அண்ணா சொன்ன மாதிரி எந்த முறையில் வட்டி போடுகிறார்கள், இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

தனிக் கணக்கைப் பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் ஒரு மாத வீட்டுச் செலவு சேர்ந்ததும் கார்டுப் பக்கம் திரும்பினோம். சின்னவனுக்கு அடிக்கடி உடம்பு படுத்தும் என்பதால் பிறகு அதை ஒன்றரை மாதமாக்கினோம். உங்களுக்கு முந்தின வருடக் கணக்கு உதவாது, அப்போது குழந்தை இல்லை. அதனால் வரப்போவதை எழுதுங்கள்: தடுப்பூசி அட்டையில் எந்த வயதில் எந்த ஊசி என்று அச்சடித்தே இருக்கும், அதை முன்னால் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். டயப்பர், உடைகள் எல்லாம் முதல் வருடத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவு மாறும். உடைகளை மட்டும் கொஞ்சம் பெரிய அளவாக வாங்குங்கள். மனைவி மறுபடி வேலைக்குப் போவதாக இருந்தால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை அந்த மாதத்திலிருந்து ஒரு வரியாகச் சேருங்கள். எங்கள் தாளில் அது விட்டுப்போய், நாலு மாதம் தடுமாறினோம்.

மனைவி ராத்திரி பால் கொடுக்க எழும்போது நீங்களும் எழுந்து பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் தாள் அப்படி ஒரு இரவில், இரண்டு மணிக்கு எழுதியதுதான். எழுதிவிட்டு விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று கேட்க இங்கேயே வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.