குரோம்பேட்டை பழைய ஃபிளாட்: சீலிங்கில் ஓதம். வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வி: புதுவீடுதேடி

வணக்கம். குரோம்பேட்டையில் 1998-இல் கட்டிய அடுக்ககம், லிஃப்ட் இல்லை. மேல்மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, 780 சதுர அடி, யூடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) 390 சதுர அடி. கேட்கும் விலை 42 லட்சம். அந்தத் தெருவில் வாடகை 14,000 போகிறது. கையில் 12 லட்சம், மீதி 30 லோன். வாடகைக்கு விடத்தான் வாங்குகிறேன்.

படுக்கையறை சீலிங்கில் ஓதத் திட்டு. நடுவே நேர்கோட்டில் விரிசல், ஓரத்தில் துருநிறம். "ஒரு கோட்டிங் அடித்துப் பெயின்ட் பண்ணினால் போதும்" என்கிறார் உரிமையாளர். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

சைட்இன்ஜினியர்

அட்வான்ஸை நிறுத்தி வையுங்கள் சார். தண்ணீர் மட்டும் இறங்கினால் பெயின்ட் உப்பும், வெள்ளையாக உப்புப் பூக்கும். நேர்கோட்டு விரிசலும் துருநிறமும் சேர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். துருவேறிய கம்பி பருத்து, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். ஒருநாள் அது பாளமாக விழும். வாடகைக்கு வரும் குடும்பம் படுத்துத் தூங்கப்போகும் அறை அது.

சின்னச் சுத்தியலால் சீலிங்கை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடம் பொள்ளலாகக் கேட்கும். பொள்ளலைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஓதத் திட்டைவிட வட்டம் பெரிதாக வந்தால் பெயின்ட் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் மொட்டைமாடி. தட்டையான ஓடு பதித்த தளமாக இருந்தால் ஓட்டு இணைப்புகள், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய் ஆகியவற்றைப் பாருங்கள். மேலே அடைக்காமல் கீழே எத்தனை கோட்டிங் அடித்தாலும் நிற்காது. கம்பிக்கு, தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது.

பத்திரம்பார்ப்பவர்

கணக்கில் பத்திரச் செலவைக் காணோமே? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 42 லட்சத்துக்கு 3.78 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு விலையைவிடக் கூடுதலாக இருந்தால் அதன்மேல்தான் கணக்கு. இதைக் கைப்பணத்தில் கட்ட வேண்டும். தாய்ப்பத்திரமும் (முந்தைய மூலப் பத்திரம்) 30 வருட வில்லங்கச் சான்றும் (சொத்தின்மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) பார்த்தீர்களா?

புதுவீடுதேடி

தட்டிப் பார்த்தேன். ஆறடிக்கு நாலடி பொள்ளல், திட்டைவிடப் பெரிது. வில்லங்கச் சான்றில் 2011-இல் வங்கிக்கு ஆவண ஒப்படைப்புப் பதிவு (பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன்) இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது என்று ஒரு கடிதம் காட்டுகிறார்.

பத்திரம்பார்ப்பவர்

கடிதம் மட்டும் போதாது. வங்கி தரப்பில் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, வில்லங்கச் சான்றில் தெரிய வேண்டும். உங்களுக்கு லோன் தரும் வங்கியும் இதைத்தான் முதலில் கேட்கும். விற்பவர் அதை முடிக்கட்டும்.

வாடகைவீட்டுக்காரர்

வருட வாடகை 1.68 லட்சம். 42 லட்சத்துக்கு 4 சதவீதம்தான். 30 லட்சத்துக்கு 8.75 வட்டியில் 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 26,500. மாதம் 12,500 கையிலிருந்து போகும், வீடு காலியாக இருக்கும் மாதங்களில் முழுத் தவணையும். வருமான வரியில் வாடகைக்கு 30 சதவீதக் கழிவு தருவார்கள். ரிப்பேருக்கு உண்மையில் எவ்வளவு செலவழித்தாலும் கழிவு அவ்வளவுதான். கிச்சனுக்கு மாடுலர் எல்லாம் வேண்டாம். கூரை, குழாய், வயரிங், பாத்ரூம் சரியாக இருந்தால் போதும். 14,000 வாடகைத் தெருவில் அலங்காரத்துக்கு யாரும் கூடுதலாகத் தர மாட்டார்கள். குடிவைக்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

புதுவீடுதேடி

சீலிங்கைச் சரிசெய்தால் விலை எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்?

சைட்இன்ஜினியர்

குத்துமதிப்பாகச் சொல்ல மாட்டேன். இன்ஜினியரைக் கூட்டிப்போய் எஸ்டிமேட் எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மொட்டைமாடி எல்லாருக்கும் பொது என்பதால் தளத்தைச் சரிசெய்யவும் செலவைப் பங்கிடவும் அசோசியேஷன் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால் இந்த வீட்டை விட்டுவிடுங்கள் சார். கீழ்மாடியில் வேறு பார்க்கலாம்.