‘விஸ்கி இன் தி ஜார்’ பல்லவியில் என்னதான் பாடுகிறார்கள்?

மெட்டுக்காரன்:
அயர்லாந்தின் பழைய குடிப்பாட்டு இது. பல்லவியை ஒரு தளம் ‘மஷா ரிங் டம் அ டூ டம் அ டா’ என்கிறது, இன்னொன்று ‘மஷா ரெயின்’ என்கிறது. அடுத்த வரி ஓரிடத்தில் ‘வாக் ஃபால் தி டாடி-ஓ’, வேறிடத்தில் ‘வொர்க் ஃபார் மை டாடி-ஓ’. மேடையில் பாடப் போகிறோம். எது சரி, எப்படி உறுதி செய்வது?

ஏட்டுச்சுவடி:
பாடல் வரித் தளங்களை முதலில் மூடுங்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பத்துத் தளங்கள் ஒரே மாதிரி சொன்னாலும் சாட்சி ஒன்றுதான்.

ரௌட் எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஸ்டீவ் ரௌட் தொகுத்த நாட்டுப்பாடல் அட்டவணையில் இதற்கு எண் 533. லண்டன் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் தளத்தில் காசில்லாமல் தேடலாம். பாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் பாதிதான் கிடைக்கும். எண்ணைப் போட்டால்தான் ‘கில்கேரி மவுண்டன்’, ‘தி ஸ்போர்ட்டிங் ஹீரோ’ என்று வேறு பெயரில் கிடப்பவையும் வரும். பின்னது 19ஆம் நூற்றாண்டுத் தெருப்பாட்டுத் தாள், அதாவது தெருவில் விற்ற ஒற்றைத் தாள் அச்சு. அதன் துணைத்தலைப்பில் ‘ஜார்’ இல்லை, ‘பார்’. அடுத்து, கோல்ம் ஓ லோக்லன் 1939இல் வெளியிட்ட ‘ஐரிஷ் ஸ்ட்ரீட் பேலட்ஸ்’ என்ற பாட்டுத் தொகுப்பு. டப்ளினர்ஸ் குழு பாடியது ஏறக்குறைய அதிலுள்ள பாடம் (வரிவடிவம்) தான். அச்சில் உள்ளதைப் பாடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

செவிச்செல்வம்:
தீராது நண்பரே. தெருப்பாட்டுத் தாள் அடித்தவர்கள் பல்லவியை முழுசாகப் போடாமல் ‘முதலியன’ என்று சுருக்கிவிடுவது வழக்கம். சந்தேகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அச்சு கைவிடும்.

பல்லவிக்குப் பாடகரின் வாய்தான் ஆதாரம். 1960களில் டப்ளினர்ஸுக்காக லூக் கெல்லி பாடிய பதிவை எடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ‘டெம்போ மாற்று’ என்பதைப் பயன்படுத்துங்கள்; ‘வேகம் மாற்று’ வேண்டாம், அது சுருதியையும் இறக்கி உயிரெழுத்துகளையே திரித்துவிடும். 30 சதவீதம் குறைத்தால் போதும். பாதிக்கும் கீழே போனால் ட, ப போன்ற வெடிப்பொலிகள் இழுபட்டுக் கரைந்துவிடும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 4 டெசிபல் ஏற்றுங்கள், மெய்யெழுத்து துலங்கும். அதிலேயே உள்ள, குரலை மட்டும் பிரிக்கும் வசதி ஸ்டீரியோவில் நடுவில் குரல் வைத்த பதிவுக்கே உதவும். மோனோவில் ஒன்றும் நடக்காது.

முக்கியமானது: எழுதிய வரியைப் பார்ப்பதற்கு முன் கேட்டு எழுதிவிடுங்கள். பார்த்துவிட்டால் காது அதையேதான் கேட்கும்.

‘ரிங்’கா ‘ரெயின்’னா என்பதை மெய்யில் தேடாதீர்கள். அடுத்து ‘ட’ வருவதால் வேகமாகப் பாடும்போது ‘ங்’ மழுங்கி ‘ன்’ ஆகிவிடும். உயிரைக் கேளுங்கள்: குறில் இகரமா, நீண்ட ஏகாரமா?

ஏட்டுச்சுவடி:
காதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பாட்டே சாட்சி. பழைய பாடத்தில் காதலி ஜென்னி, கதை சொல்லும் கொள்ளைக்காரனின் துப்பாக்கி மருந்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அவன் கொள்ளையடித்த கேப்டன் ஃபாரெலுக்கு ஆள் அனுப்புகிறாள். மருந்து நனைந்தால் சுட முடியாது, அதனால் பிடிபடுகிறான். 1972இல் தின் லிஸ்ஸி ராக் குழு பாடியதில் தண்ணீரே இல்லை. அவன் கேப்டனைச் சுட்டே விடுகிறான். ஜென்னி மோலி ஆகிவிட்டாள். 1998இல் மெட்டாலிகா ராக் குழு பாடியதிலும் மோலிதான். அது தின் லிஸ்ஸி வழியில் வந்தது என்பது அதிலேயே தெரிகிறது.

எது பழையது என்று எதுகையே காட்டிக்கொடுக்கும். ஒரு சரணத்தில் ‘கில்கென்னி’ என்ற ஊர்ப்பெயருக்கு ‘ஜென்னி’ பொருந்தும். மோலியைப் போட்டால் அந்தச் சரணம் நிற்காது.

செவிச்செல்வம்:
சரணத்துக்கு முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கதையும் எதுகையும் சொல்லைக் கட்டிப்போடுகின்றன. பல்லவியைக் கட்டிப்போட அங்கே என்ன இருக்கிறது?

பச்சைத்தீவு:
பொருள் இருக்கிறது! அது சிதைந்துபோன ஐரிஷ் மொழி வாக்கியம் என்று பலர் சொல்கிறார்களே?

செவிச்செல்வம்:
‘மஷா’ மட்டும் நிஜச் சொல். ஐரிஷ் மொழியின் ‘முஷே’, ‘அட, ஆமா’ மாதிரி பேச்சைத் தொடங்கும் சொல். மிச்சத்தை வாக்கியமாக்கிக் காட்டுபவர்கள், அந்த வாக்கியம் உள்ள ஒரு ஐரிஷ் பாடத்தையாவது காட்ட வேண்டும். ஒலி ஒத்துப்போகிறது என்பது போதாது. வளைத்தால் எந்த மொழியிலும் ஒத்துப்போகும். ‘வாக் ஃபால்’ ‘ஃபின்னகன்ஸ் வேக்’ பல்லவியிலும் வருகிறது. அது பல பாட்டுக்குப் பொதுவான வாய்த்தாளம், நம் ‘தன்னானே’ போல. ஆகவே ‘வொர்க் ஃபார் மை’ என்பது புரியாததைப் புரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டதன் விளைவு. அதைத் தயங்காமல் தள்ளலாம்.

ஏட்டுச்சுவடி:
அதைத் தள்ளுவதற்கும் இன்னொரு பாட்டின் பாடம்தானே கை கொடுத்தது? இரண்டு பதிவு கேட்டு யாரும் அந்த முடிவுக்கு வர முடியாது.

மெட்டுக்காரன்:
சரி, ‘ரிங்’ பாடவா ‘ரெயின்’ பாடவா?

செவிச்செல்வம்:
தின் லிஸ்ஸி சரணம் பாடினால் அவர்கள் வாயில் வரும் பல்லவியையே எடுங்கள். ஜென்னியும் தண்ணீரும் உள்ள சரணம் என்றால் லூக் கெல்லியின் பல்லவி. இரண்டையும் கலக்காதீர்கள். குழு முழுக்க ஒரே உயிரெழுத்தைப் பிடிக்க வேண்டும். ‘டம் அ டா’ முடிந்ததும் கூட்டம் கைதட்டும், அந்த இடைவெளியைக் காலியாக விடுங்கள்.

ஏட்டுச்சுவடி:
நிகழ்ச்சித் தாளில் எந்தப் பாடம் என்று ஒரு வரி போடுங்கள். ரௌட் 533 என்பதையும் சேர்த்து.